ஒட்டுண்ணி நோய்களும் ஜப்பானும்: நூறாண்டுப் போராட்டமும் ஐந்தாண்டுத் திட்டங்களும்

மற்றோர் உயிரின் உடலுக்குள்ளோ உடல்மீதோ தங்கி, அதன் உணவையும் குருதியையும் உறிஞ்சி வாழும் உயிரிகளை ஒட்டுண்ணிகள் என்பர். குடலில் வாழும் உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும், நிணநீர்க் குழாய்களை அடைத்து யானைக்கால் நோயை உண்டாக்கும் நூல்போன்ற புழுவும், சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கும் மலேரியாக் கிருமியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பெரும்பாலானவை ஒருவர் உடலிலிருந்து நேரே இன்னொருவர் உடலுக்குத் தாவுவதில்லை. மண்ணிலோ நீரிலோ நத்தையிலோ கொசுவிலோ சிலகாலம் தங்கி வளர்ந்த பின்னரே அடுத்தவரை அடைகின்றன. ஆகவே இந்நோய்களை ஒழிப்பது நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு முடிந்துவிடும் வேலையன்று. மக்கள் எந்த நீரில் இறங்குகிறார்கள், வயலுக்கு எந்த உரத்தை இடுகிறார்கள், எங்கே மலம் கழிக்கிறார்கள் என்பனவெல்லாம் மருத்துவத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

இன்று செல்வ நாடாக அறியப்படும் ஜப்பானில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோரின் குடலில் உருளைப்புழு இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அந்நாடு உருளைப்புழுவையும் யானைக்கால் நோயையும் மலேரியாவையும் நத்தைவழிக் குருதிப்புழு நோயையும் தன் மண்ணிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் அகற்றியதோடு, 1998-இல் உலகத் தலைவர்களின் மாநாட்டில் ஒட்டுண்ணி ஒழிப்பைப் பன்னாட்டுக் கடமையாக முன்வைக்கும் நிலைக்கும் உயர்ந்தது. உள்நாட்டில் நடந்ததையும் வெளிநாடுகளில் செய்யப்பட்டதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண்பாடு தெளிவாகத் தெரிகிறது. ஓர் ஒட்டுண்ணியைத் தன் வீட்டிலிருந்து விரட்ட ஜப்பானுக்குத் தேவைப்பட்ட காலத்தை, பிறர் வீட்டில் அதே வேலைக்கு அந்நாடு ஒதுக்கவில்லை. இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் பொருள் இதுவே.

டோக்கியோவுக்கு மேற்கே, மலைகள் சூழ்ந்த யமனாஷி மாவட்டத்தில் கோஃபு என்னும் வடிநிலம் உள்ளது. ஆறுகள் இறங்கிவந்து பரவும் அந்த நெல்வயல் பூமியில் வயிறு ஊதி, கைகால் மெலிந்து, உழவர்கள் இளவயதிலேயே மடிந்துவந்தனர். தமிழ் மருத்துவ மரபில் மகோதரம் எனப்படும், வயிற்றில் நீர் கோக்கும் நிலை அது. அவ்வூர்களுக்கு மருமகளாகப் போவது சாவுக்கு வாக்கப்படுவதாகும் என்ற பொருளில் வட்டாரப் பாடல்களே வழங்கின. காரணம் எவருக்கும் தெரியாததால் மக்கள் அதை ‘இவ்வூர் நோய்’ என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். இதே நோய் ஹிரோஷிமா மாவட்டத்தின் கதயாமாப் பகுதியிலும், தெற்கே கியூஷுத் தீவின் சிக்குகோ ஆற்றுப் படுகையிலும் இருந்தது. வயலில் இறங்கியவர்களின் கால்களில் முதலில் தடிப்பும் அரிப்பும் தோன்றுவதையும், மனிதரைப் போலவே மாடுகளும் நோயுறுவதையும், கதயாமாப் பகுதி மருத்துவரான ஃபூஜியி யோஷினாவோ 1847-இலேயே எழுதிவைத்திருந்தார். நுண்ணோக்கி ஏதுமின்றி, கண்ணால் கண்டதை மட்டும் கொண்டு எழுதப்பட்ட அக்குறிப்பு, பின்னர் உறுதியான உண்மைக்கு வியக்கத்தக்க அளவு அருகில் நின்றது.

1881-இல் கோஃபு வடிநிலத்தின் கசுகாய் ஊர்த் தலைவர், தம் மக்களின் நோய்க்குக் காரணம் கண்டறியவேண்டும் என்று மாவட்ட ஆளுநருக்கு மனு எழுதினார். இந்த வரலாற்றில் முதல் அடியை எடுத்துவைத்தது அரசு அன்று, ஊர் என்பது கருதத்தக்கது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், சுகியாமா நாக்கா என்னும் உழவர்குலப் பெண்மணி தாம் இறக்கும் தறுவாயில் இருப்பதை உணர்ந்து, தம் உடலை அறுத்துப் பார்த்து இந்நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்குமாறு எழுத்துமூலம் வேண்டிக்கொண்டார். இறந்த உடலை அறுப்பது குடும்பத்துக்கே இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. அவர் இறந்தபின் ஊர்க் கோயில் வளாகத்திலேயே, சுற்றுவட்டார மருத்துவர்கள் கூடி நிற்க, அந்த ஆய்வு நடந்தது. அதுவரை அறியப்படாத ஒரு புழுவின் முட்டைகள் அவருடைய உறுப்புகளில் இருப்பது தெரியவந்தது. ஜப்பானிய ஒட்டுண்ணியியலின் வரலாற்றைப் பேராசிரியர்களின் பெயர்களோடு தொடங்குவது வழக்கம். அந்தப் பெண்மணியின் பெயரோடு தொடங்குவதே முறையாகும்.

முட்டை கிடைத்தது, அதை இட்ட புழு கிடைக்கவில்லை. 1904-இல் ஒகயாமாவைச் சேர்ந்த கத்சுராதா ஃபுஜிரோ, நோய்ப் பகுதி விலங்குகளின் உடலிலும் அப்புழு இருக்கவேண்டும் என்று கருதி, கோஃபுவில் மிகாமி சபுரோ என்னும் மருத்துவர் வீட்டில் வளர்ந்த பூனையை ஆராய்ந்தபோது, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் குருதிக் குழாயில் அதைக் கண்டார். அதே ஆண்டில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் ஃபூஜினாமி அக்கிரா, இறந்த நோயாளி ஒருவரின் உடலில் அதைக் கண்டார். சிஸ்டோசோமா என்னும் குருதிப்புழு இனத்தைச் சேர்ந்த இதில், ஆண்புழுவின் உடலில் நீளவாக்கில் அமைந்த மடிப்புக்குள் பெண்புழு தங்கியிருந்து, ஆண்டுக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். முட்டைகளில் ஒரு பகுதி மலத்தோடு வெளியேற, எஞ்சியவை குருதியோட்டத்தில் கல்லீரலை அடைந்து அங்கே சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி உருவாகும் வடுவே கல்லீரலை இறுக்கி, வயிற்றில் நீர் கோக்கச் செய்கிறது.

அடுத்த கேள்வி, புழு உடலுக்குள் புகும் வழி பற்றியது. வாய்வழியாகவே புகும் என்று மருத்துவர்கள் பலரும் நம்பி, நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்தி வந்தனர். 1909-இல் ஃபூஜினாமியும் அவருடைய துணைவர்களும் கதயாமா வயல்களில் மாடுகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். சில மாடுகளின் கால்களை நீர் படாதவாறு மூடிக் காத்து, அவ்விடத்துப் புல்லையும் நீரையும் உட்கொள்ள விட்டனர்; வேறு சில மாடுகளுக்கு வாய்க்கூடு கட்டி, வயல் நீரில் இறக்கி நிறுத்தினர். வாய்க்கூடு கட்டிய மாடுகளே நோயுற்றன. தோல்வழியாகப் புழு புகுகிறது என்பது அன்று உறுதியானது. அறிவியலுக்கு அது வெற்றி. உழவருக்கோ அது இடி போன்ற செய்தி. காய்ச்சிக் குடிப்பதால் தப்ப முடியாது, நாற்று நடவும் களை பறிக்கவும் நீரில் இறங்காமல் இருக்கவும் முடியாது.

மலத்தோடு வெளியேறிய முட்டை நீரில் பொரிந்தபின் எங்கே சென்று வளர்கிறது என்பதை 1913-இல் கியூஷு இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் மியாயிரி கெய்னோசுகேயும் அவருடைய உதவியாளர் சுசுகி மினோருவும் சிக்குகோப் படுகையில் கண்டறிந்தனர். வாய்க்கால் ஓரச் சேற்றில் ஒட்டிக்கிடந்த, நெல்மணியளவே ஆன ஒரு நத்தைக்குள் அது பல்கிப் பெருகி, ஆயிரக்கணக்கான இளம்புழுக்களாக மீண்டும் நீருக்கு வருகிறது. குருதிப்புழுவுக்கு நத்தையே இடைத்தங்கல் என்பதை உலகில் முதன்முதலில் நிறுவிய ஆய்வு இது. கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1851-இலேயே எகிப்தின் குருதிப்புழுவைக் கண்டிருந்தபோதிலும், அது பரவும் வழி அறுபது ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. மியாயிரியின் முடிவை அறிந்து கிழக்காசியாவுக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் லைப்பர், 1915-இல் எகிப்து சென்று அங்குள்ள நத்தைகளைக் கண்டறிந்தார். ஒட்டுண்ணி ஒழிப்பில் ஜப்பான் வெளியுலகுக்கு அளித்த முதல் கொடை, இவ்வாறு, அரசுத் திட்டம் எதுவுமின்றித் தானாகவே சென்று சேர்ந்தது.

காரணம் முழுவதும் தெரிந்த 1913-க்கும், யமனாஷி மாவட்டம் நோய் முடிந்ததாக அறிவித்த 1996-க்கும் இடையே எண்பத்துமூன்று ஆண்டுகள் உள்ளன. அறிவு கிடைத்துவிட்டால் நோய் போய்விடும் என்ற எண்ணத்துக்கு இந்த எண்பத்துமூன்று ஆண்டுகளே மறுமொழி. முதலில் மக்களே நத்தை பொறுக்கினர். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வாய்க்கால் கரைகளில் குனிந்து, உணவு உண்ணும் குச்சிகளைப் போன்ற குச்சிகளால் ஒவ்வொரு நத்தையாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டனர். அளவுக்கேற்பக் காசு கொடுக்கப்பட்டது. எவ்வளவு பொறுக்கினும் நத்தை குறையாததால், சுட்ட சுண்ணாம்பைக் கரைகளில் தூவினர். வாத்துகளை விட்டு நத்தைகளைத் தின்னச் செய்தனர். 1917-இல் சிறுவர்களுக்காக வண்ணப்படங்களுடன் ஒரு சிறுநூலே அச்சிடப்பட்டது. போருக்குப் பின் அமெரிக்கப் படையின் ஆய்வகத்தாரும் இதில் சேர்ந்தனர். பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவில் 1944-இல் இறங்கிய அமெரிக்க வீரர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதே நோய்க்கு ஆளாகியிருந்ததே அதற்குக் காரணம். அவர்கள் பரிந்துரைத்த பி.சி.பி. என்னும் நஞ்சு நத்தையோடு மீன்களையும் கொன்றதால், பின்னாளில் அது கைவிடப்பட்டது.

இறுதியில் வென்றது சிமெண்டு. மண்கரை வாய்க்கால்களை நேராக்கிச் சிமெண்டால் கட்டினால், நத்தை முட்டையிடச் சேறும் இராது, நிலைத்து நிற்க இடமும் இராது, நீரின் விரைவில் அடித்துச் செல்லப்படும் என்பது கருத்து. சட்டத்தின் துணையோடும் நடுவண் அரசின் நிதியோடும் 1950-களில் விரைவுபெற்ற இவ்வேலையின் பயனாக, யமனாஷியில் மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாய்க்கால்கள் சிமெண்டு பூண்டன. அதே ஆண்டுகளில் உழவு மாடுகள் போய் இயந்திரக் கலப்பைகள் வந்தன. நெல்வயல்களில் பெரும்பகுதி திராட்சைத் தோட்டங்களாகவும் பீச் பழத் தோட்டங்களாகவும் மாறியது. புதிய நோயாளிகள் 1970-களின் இறுதியோடு நின்றனர். கதயாமாவில் 1991-இலும், சிக்குகோவில் 2000-இலும் முடிவு அறிவிக்கப்பட்டது. சிக்குகோக் கரையிலுள்ள குருமே நகரில், மனிதர் வாழ்வதற்காக அப்படுகையில் அழிக்கப்பட்ட அந்த நத்தை இனத்துக்கே ஓர் இரங்கற்கல் நிறுத்தப்பட்டுள்ளது. ஓர் உயிரினத்தைத் தன் நலத்துக்காக இல்லாமல் செய்ததை மறைக்காமல் கல்லில் பொறித்துவைத்த அந்தப் பண்பு மதிக்கத்தக்கது. ஆயினும் யமனாஷியின் சில இடங்களில் நத்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. புழு மட்டும் இல்லை.

குடற்புழுக்களின் கதை இதனினும் வேறானது. மனித மலத்தை உரமாக வயலுக்கு இடுவது ஜப்பானிய வேளாண்மையின் நெடுநாள் வழக்கம். நகரத்துக் கழிப்பறைகளின் மலம் கிராமத்துக்கு விலைக்குப் போய், காய்கறியோடு புழு முட்டையாகத் திரும்பி வந்தது. 1931-இல் ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தபோதிலும், போரும் பஞ்சமும் அதன் பயனை அழித்தன. போருக்குப் பின் தொடங்கிய இயக்கத்தின் தனித்தன்மை, அதைப் பெரிதும் நடத்தியவர்கள் அரசு அலுவலர் அல்லர் என்பதே. குனியி சோஜிரோ என்பவர் 1949-இல் டோக்கியோவில் ஒட்டுண்ணித் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். நாடெங்கும் எழுந்த இத்தகைய அமைப்புகள் 1955-இல் ஒரே கூட்டமைப்பாயின. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் மலத்தைத் தீப்பெட்டியில் சிறிதளவு எடுத்துப் பெயர் எழுதிக் கொண்டுவந்து கொடுக்க, சங்கத்தின் ஆய்வகம் அதைச் சோதித்துச் சிறு கட்டணம் பெற்றது. முட்டை கண்டவர்களுக்கு மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மீண்டும் சோதித்தனர். கட்டணம் வாங்கியதால் சங்கங்கள் எவருடைய மானியத்தையும் எதிர்பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் நடந்தன; பணம் கொடுத்த பெற்றோரும் முடிவைக் கேட்டுப் பெற்றனர். 1958-இன் பள்ளிச் சுகாதாரச் சட்டம் இப்பழக்கத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக்கியது.

இத்தனை மலத்தைச் சோதிக்க எளிய முறை ஒன்று வேண்டியிருந்தது. அதுவரை, மிகச் சிறிதளவு மலத்தை நீரில் கரைத்துக் கண்ணாடிச் சில்லில் பரப்பிப் பார்ப்பது வழக்கம்; அளவு குறைவாதலால் பல முட்டைகள் கண்ணில் படாமல் தப்பின. 1954-இல் கத்தோ கத்சுயாவும் மியுராவும் மேலே மூடும் மெல்லிய கண்ணாடிக்கு மாற்றாக, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாள் துண்டை மலத்தின்மீது வைத்து அழுத்தும் முறையை வெளியிட்டனர். கிளிசரின் மலத்தை ஒளி ஊடுருவுமாறு தெளிவாக்குவதால், முன்னைவிடப் பலமடங்கு மலத்தை ஒரே பார்வையில் ஆராயமுடிந்தது. 1972-இல் பிரேசில் நாட்டவரான கட்ஸ் அதில் முட்டைகளை எண்ணும் வசதியைச் சேர்க்க, கத்தோ, கட்ஸ் இருவர் பெயரும் இணைந்த அம்முறையே உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலாயிற்று. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இன்று குடற்புழுக் கணக்கெடுப்பு நடக்கும் இடங்களிலெல்லாம் அந்தச் செல்லோபேன் துண்டைக் காணலாம்.

1970-களில் உருளைப்புழு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக அருகிவிட்டது. செல்வம் பெருகியதால்தான் புழு போயிற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இங்கே கருதிப் பார்க்கவேண்டும். செயற்கை உரம் வந்து மலவுரத்தின் தேவையைக் குறைத்தது உண்மை. ஆனால் புழு விரைந்து வீழ்ந்த 1950-களில் கழிவுநீர்க் குழாய் வசதி ஜப்பானின் மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டவில்லை. நாட்டின் பெருவளர்ச்சியும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வளம் வருவதற்கு முன்பே பள்ளியும் நுண்ணோக்கியும் தீப்பெட்டியும் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டன. இன்றைய ஏழை நாடுகளுக்கு, ஜப்பானின் வரலாற்றில் இதைவிட நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை.

தஞ்சை, கடலூர் வட்டாரங்களில் தலைமுறைகளாக அறியப்பட்ட யானைக்கால் நோய் ஜப்பானின் தென்கோடி மாவட்டங்களிலும் பரவியிருந்தது. டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் உள்ள ஹாச்சிஜோ-கோஜிமா என்னும் சிறு தீவில், சசா மனாபு என்னும் அறிஞர் 1948 முதல் ஆய்வு நடத்தி, 1950-இல் டி.இ.சி. என்னும் மருந்தை ஜப்பானில் முதன்முதலில் அங்கே பயன்படுத்தினார். இந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் மேற்பரப்புக் குருதிக்கு வரும். ஆகவே குருதி எடுப்போர் இரவில் ஊர்ப் பொது மண்டபங்களில் விளக்கேற்றிக் காத்திருக்கவேண்டியிருந்தது. மருந்து உண்டதும் புழுக்கள் இறப்பதால் காய்ச்சல் வரும். நோயே தெரியாதிருந்தவர் மருந்தால் படுத்துவிடுவதைக் கண்டு ஊரார் அஞ்சுவர். அந்த அச்சத்தை நீக்கியவர்கள் ஊர்ச் செவிலியரும் பொதுச் சுகாதாரப் பணியாளரும் ஆவர். 1962-இல் தேசியத் திட்டமாக விரிந்த இம்முயற்சி, ஒகினாவாவின் மியாக்கோத் தீவில் 1988-இல் ஒழிப்பு நினைவுக்கல் நிறுத்தப்பட்டதோடு நிறைவெய்தியது.

ஒகினாவாவைப் பற்றிப் பேசும்போது மறைக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. 1945-இல் ஜப்பானியப் படை, ஒகினாவாவின் தென்மேற்கு எல்லையிலுள்ள யயேயாமாத் தீவுகளின் மக்களை, மலேரியா மிகுந்தவை என்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த காட்டுப் பகுதிகளுக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்தது. போரில் குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் காய்ச்சலால் இறந்தவர்களே அங்கு மிகப்பலர். ஏறத்தாழ 3,600 பேர் மடிந்தனர். ஹத்தெருமாத் தீவில் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. எந்த இடத்தில் எந்த நோய் இருக்கிறது என்ற அறிவு அரசிடம் இருந்தது. அந்த அறிவு மக்களைக் காக்கப் பயன்படவில்லை. போருக்குப் பின் அங்கு நிலவிய அமெரிக்க ஆட்சியின்கீழ், 1957 முதல் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளித்து, நோயாளிகளைத் தேடிப் பிடித்து மருந்தளித்து, 1960-களின் தொடக்கத்தில் அத்தீவுகளிலிருந்து மலேரியா அகற்றப்பட்டது. உள்நாட்டு வெற்றிகளைப் பாடும் வரலாறுகளில் பலவும் இந்த அத்தியாயத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

வெளிநாட்டுப் பணிகளுள் முதலில் கருதத்தக்கது, அரசினுடையதன்று. உள்நாட்டில் புழு அருகியதும் குனியி சோஜிரோ தம் சங்கத்தின் அனுபவத்தைக் குடும்பநலப் பணியோடு இணைத்து, 1970-களின் நடுப்பகுதி முதல் ஆசிய நாடுகளுக்குக் கொண்டுசென்றார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச வருவோரைக் கிராமத்தார் ஐயத்தோடு பார்ப்பர். ஆனால் பிள்ளையின் வயிற்றிலிருந்து புழுக்கள் வெளியேறுவதைத் தாய் கண்ணால் கண்டுவிட்டால், அதே பணியாளரின் பிற சொற்களையும் செவிமடுப்பாள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளில் இம்முறை கையாளப்பட்டது.

அரசின் தொழில்நுட்ப உதவி நிறுவனமான ஜைக்கா, குவாத்தமாலாவின் சான் விசென்டே பக்காயா என்னும் காப்பி விளையும் மலைப்பகுதியில் 1975 முதல் 1983 வரை ஆற்றுக்குருட்டு நோயை எதிர்த்துப் பணியாற்றியது. சிறு கருநிற ஈ ஒன்றின் கடியால் பரவும் நுண்புழுக்கள் கண்ணை அடைந்து பார்வையைப் பறிப்பதே அந்நோய். ஜப்பானிய அறிஞர்களும் குவாத்தமாலாப் பணியாளர்களும் மலைச்சரிவின் நீரோடைகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து, ஈயின் இளம்புழுக்கள் வாழும் இடங்களில் மருந்திட்டு, அப்பகுதியில் ஈக்களை வெகுவாகக் குறைத்தனர். ஆயினும் நாடு முழுவதற்கும் விரிக்கத்தக்க முறையாக அது இல்லை. குவாத்தமாலாவிலிருந்து அந்நோய் முற்றிலும் அகன்றதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் உறுதிசெய்ததற்கு வேறொரு மருந்தே வழிவகுத்தது.

அந்த மருந்தின் பிறப்பிலும் ஜப்பானுக்குப் பங்குண்டு. கோஃபு வடிநிலத்தைச் சேர்ந்த நிராசாக்கியில் 1935-இல் உழவர் குடும்பத்தில் பிறந்த ஒமுரா சத்தோஷி, 1970-களில் ஷிசுவோக்கா மாவட்டத்தில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரந்த பொருளிலிருந்து, அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழுவினர் ஐவர்மெக்டின் என்னும் மருந்தை உருவாக்கினர். ஆண்டுக்கு ஓரிரு முறை விழுங்கினாலே நுண்புழுக்களை அழிக்கும் இதனை, ஆற்றுக்குருட்டு நோய்க்குத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக 1987-இல் அந்நிறுவனம் அறிவித்தது. ஒமுராவும் கேம்பெல்லும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1997-இல் டென்வரில் நடந்த உலகத் தலைவர்களின் மாநாட்டில் ஜப்பானின் தலைமையமைச்சர் ஹாஷிமோத்தோ ரியுத்தாரோ ஒட்டுண்ணி நோய்களைப் பற்றிப் பேசி, 1998-இல் பர்மிங்காமில் கூடிய எட்டு நாட்டுத் தலைவர்களின்முன் ஒரு திட்டத்தை வைத்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பயிற்சி நடுவங்களை நிறுவி, அந்தந்த வட்டார நாடுகளின் பணியாளர்களை அங்கேயே பயிற்றுவிப்பது அதன் உள்ளடக்கம். பாங்காக்கின் மகிதோல் பல்கலைக்கழகத்திலும், நைரோபியில் கென்ய மருத்துவ ஆய்வு நிறுவனத்திலும், கானாவின் நொகுச்சி நினைவு மருத்துவ ஆய்வு நிறுவனத்திலும் அவை அமைந்தன. பள்ளியை மையமாகக் கொண்டு புழுவை எதிர்ப்பது என்ற ஜப்பானிய அனுபவமே அவற்றின் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. டோக்கியோவில் அமர்ந்து மருந்துப் பெட்டிகளை அனுப்புவதைவிட இது பன்மடங்கு உயர்ந்த சிந்தனை என்பதில் ஐயமில்லை.

குறை, காலத்தில் இருந்தது. ஜைக்காவின் வழக்கப்படி ஒவ்வொரு நடுவத்துக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுத் திட்டமே வகுக்கப்பட்டது. யமனாஷியில் ஐந்தாண்டு என்பது, நத்தை பொறுக்கத் தொடங்கி, அது பயன்படாது என்று அறிந்துகொள்ளவே போதாத காலம். பயிற்சி பெற்றுத் தம் நாடு திரும்பிய பணியாளர் ஒரு மாவட்டத்தில் முன்மாதிரித் திட்டத்தைத் தொடங்கி, முதல் மதிப்பீட்டை எழுதும்போது நிதி முடிந்துவிடுகிறது. நைரோபி நடுவம் மட்டும் வேறு வகையில் தழைத்தது. கென்யா அதனைத் தன் ஆய்வு நிறுவனத்தின் நிலையான பகுதியாகவே ஏற்றுக்கொண்டதால், 2009-இல் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த அந்நாட்டின் பள்ளிவழிப் புழுநீக்கத் திட்டத்தின் பயனை அளந்து கண்காணிக்கும் பொறுப்பை அது ஏற்கமுடிந்தது. அதை நிலைக்கச் செய்தது ஜப்பானின் நிதி அன்று. கென்யர்கள் அதைத் தமதாக எண்ணியதே. கசுகாய் ஊரார் மனு எழுதியதும் டோக்கியோப் பெற்றோர் கட்டணம் செலுத்தியதும் இதே வகையைச் சேர்ந்தவை. உதவி செய்யும் நாடு இவ்வுணர்வை உண்டாக்க முடியாது. அது வேரூன்றும்வரை பொறுத்து உடன் நிற்க முடியும். ஜப்பான் பல இடங்களில் அவ்வாறு நிற்கவில்லை.

நெடுங்காலம் நின்ற இடங்களில் விளைவும் வேறாக இருந்தது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அனெய்ட்டியும் தீவில் கனேகோ அக்கிரா என்னும் மருத்துவர் 1991-இல் ஏறத்தாழ எழுநூறு பேர் கொண்ட ஊரார் அனைவருக்கும் ஒன்பது வாரம் மலேரியா மருந்தளித்து, பூச்சிமருந்து தோய்த்த கொசுவலைகளையும் கொடுத்துவிட்டு, அதன்பின் ஆண்டுதோறும் தொடர்ந்து கண்காணித்து வந்தார். தீவு மக்களே துறையிலும் விமானத்திடலிலும் வந்திறங்குவோரின் குருதியைச் சோதிக்கக் கற்றுக்கொண்டனர். நடு அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் பூச்சிகளை எதிர்த்து ஜைக்கா 2000 முதல் நடத்திய பணியும், ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு நகர்ந்து பல ஆண்டுகள் நீடித்ததால் பயன் தந்தது. ஓலைக்கூரைகளில் வாழும் முதன்மையான பூச்சி இனத்தின்வழி நோய் பரவுவது குவாத்தமாலாவில் நின்றுவிட்டதாக 2008-இல் சான்றளிக்கப்பட்டது.

தொழில் நிறுவனங்களும் இப்பணியில் இறங்கியுள்ளன. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரைகள் 220 கோடியை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாக வழங்குவதாக ஏய்சாய் நிறுவனம் 2012-இல் உறுதியளித்தது. அவை ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்திலுள்ள அதன் ஆலையில் செய்யப்படுகின்றன. குருதிப்புழுவுக்கு நாற்பதாண்டுகளாக வழங்கும் பிராசிகுவாண்டல் மாத்திரை பெரியதும் கசப்பானதும் ஆகையால், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்குக் கொடுக்க இயலாதிருந்தது. கரைத்துப் புகட்டத்தக்க குழந்தை மாத்திரையைச் செய்ய, ஜப்பானிய மருந்து நிறுவனமான அஸ்டெல்லாசும் ஜெர்மனியின் மெர்க்கும் பிறரும், ஜப்பானின் உலகச் சுகாதாரப் புத்தாக்க நிதியின் துணையோடு கூடி உழைத்தனர். கென்யாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் சோதிக்கப்பட்ட அம்மாத்திரைக்கு 2023 இறுதியில் ஐரோப்பிய மருந்து முகமை ஆதரவான கருத்தளித்தது. அதை ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரை ஊர்களுக்குக் கொண்டுசேர்த்து, குழந்தை மீண்டும் அதே நீரில் இறங்காதிருக்க வழிசெய்வது பல்லாண்டு வேலை.

உள்நாட்டிலோ இந்நோய்களைப் பற்றிய அறிவே தேயத் தொடங்கியுள்ளது. 1931-இன் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாயிருந்த கீரிப்பூச்சிச் சோதனையும் 2015-ஆம் கல்வியாண்டோடு முடிந்தது. நோய் இல்லாதபோது சோதனை வேண்டாம் என்பது நியாயமே. ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் ஒட்டுண்ணியியல் துறைகள் ஒவ்வொன்றாகப் பிற துறைகளோடு இணைக்கப்பட்டும் பெயர் மாற்றப்பட்டும் வருவதால், யமனாஷியிலும் மியாக்கோவிலும் பணியாற்றிய தலைமுறையிடமிருந்து நேரே கற்றவர்கள் அருகிவருகின்றனர். வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப அனுபவமுள்ளவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. வெப்பமண்டல நோயாளிகளைப் படுக்கையருகே நின்று கண்டு கற்க விரும்பும் ஜப்பானிய மருத்துவர்கள் சிலர், இன்று பாங்காக்கின் மகிதோல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று படிக்கின்றனர்.